கத்தி சரியாக வெட்டவில்லையா? குறையை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

புதுச் சமையல் கத்தி வாங்கக் கிளம்புகிறவரிடம் "இப்போது இருக்கிற கத்தியில் என்ன குறை?" என்று கேட்டால், பெரும்பாலும் "சரியாக வெட்ட மாட்டேன் என்கிறது" என்றுதான் பதில் வரும். அந்த ஒரு பதிலுக்குள் ஏழெட்டுக் குறைகள் இருக்கின்றன. தக்காளியில் வழுக்குவது ஒரு குறை, கேரட்டைப் பிளப்பது வேறு குறை. முன்னதற்கு ஒரு சாணைக்கல் போதும். பின்னதற்கு நாள் முழுக்கத் தீட்டினாலும் பயனில்லை, அந்தக் கத்தியின் வடிவமே அப்படி. இது தெரியாமல் கடைக்குப் போனால் பழைய குறையையே புதுப் பளபளப்போடு வாங்கி வருவோம்.

அதனால் கத்தி வகைகளை வரிசையாக அடுக்காமல், கத்தி காட்டும் அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கத்தி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் எல்லோரும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

முதலாவது, வெளிச்சச் சோதனை. கத்தியைக் கழுவித் துடைத்து, வாய் மேலே பார்த்தபடி பளிச்சென்ற விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது, ஒளி பட்டுத் திரும்ப அங்கே பரப்பு இல்லை. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். விட்டுவிட்டுப் புள்ளியாக மின்னினால் அங்கே பல் விழுந்திருக்கிறது, அதாவது வாயில் சிறு துண்டு உதிர்ந்திருக்கிறது.

இரண்டாவது, தாள். ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பிடித்து, பிடிப்பக்கம் தொடங்கி நுனி வரை வாய் முழுவதும் படும்படி இழுத்து வெட்டுங்கள். எந்த இடத்தில் சிக்கிக் கிழிகிறதோ அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நுனி மட்டும் மொட்டையாகி மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும் கத்திகள் நிறைய. வெட்டும்போது பலகையில் அதிகம் உரசுவது அந்த முன்பகுதிதான்.

தக்காளித் தோலில் வழுக்குகிறது

தக்காளித் தோல் வழவழப்பு, உள்ளே இருப்பதோ மெத்து. கூர் இல்லாத வாய் தோலுக்குள் இறங்குவதற்குள் உள்ளே எல்லாம் நசுங்கிவிடும். கேரட்டையும் முட்டைக்கோஸையும் நாம் அழுத்தி வெட்டிவிடுவதால் கத்தி மழுங்கியது தெரிவதில்லை. தக்காளிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

காரணம் இரண்டில் ஒன்று: வாய் மடிந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. கத்தியின் வாய் மிக மெல்லிய உலோகம். பலகையில் திரும்பத் திரும்ப மோதும்போது, எஃகு கொஞ்சம் மென்மையானதாக இருந்தால், அது ஒரு பக்கமாக மடிந்துகொள்ளும். உலோகம் அங்கேயேதான் இருக்கிறது, நிற்கும் திசைதான் மாறிவிட்டது. இதை நிமிர்த்துவதற்குத்தான் தீட்டுக்கம்பி. கம்பியின் நுனியைப் பலகையில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தி, கத்தியைச் சற்றே சாய்த்து, பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை கம்பியின் மேல் கீழ்நோக்கி இழுங்கள். பக்கத்துக்கு நாலைந்து தடவை, மாற்றி மாற்றி. கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். டிவியில் சமையல்காரர்கள் ஆகாயத்தில் 'சரக் சரக்'கென்று வீசுவதைப் பார்த்துச் செய்ய வேண்டாம், கோணமும் நிற்காது, விரலுக்கும் ஆபத்து.

மறுபடி தக்காளியில் வைத்துப் பாருங்கள். வெட்டினால் வாய் மடிந்துதான் இருந்தது. இன்னும் வழுக்கினால் தேய்ந்துவிட்டது, இனி உலோகத்தைச் சீவிப் புது வாய் உண்டாக்க வேண்டும், அதாவது சாணை. கம்பியை இன்னும் நூறு தடவை தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது. தீட்டுவதும் சாணை பிடிப்பதும் ஒன்றென்று நினைப்பதால்தான் "கம்பியால் தினமும் தேய்க்கிறேன், ஆனாலும் மொக்கையாகவே இருக்கிறது" என்ற புலம்பல்.

சாணை என்றால் கல்தான் என் பரிந்துரை. வீட்டுக்கு 1000 எண் கல் ஒன்று போதும். எண் கூடக்கூடக் கல் நைசாகும். 400 பல் விழுந்ததைச் சரிசெய்ய, 3000க்கு மேல் மெருகேற்ற. மெருகேற்றாவிட்டாலும் தக்காளி வெட்டலாம். சொல்லப்போனால் 1000 கல்லில் வரும் சற்றே சொரசொரப்பான வாய் தக்காளித் தோலை நன்றாகவே கடிக்கும்.

எல்லோரும் பயப்படுவது கோணத்துக்கு. ஐரோப்பிய பாணிக் கத்திகள் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி, ஜப்பானிய பாணிக் கத்திகள் 15 டிகிரி என்பது பொதுக் கணக்கு. இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை, கத்தியின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். வாயிலிருந்து முதுகு வரை 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு 15 டிகிரி என்றால் முதுகு சுமார் 12 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும், 20 டிகிரி என்றால் சுமார் 15. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகை அதன் மேல் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டால் கைக்கு அடையாளம் பிடிபட்டுவிடும். தேய்க்கும்போது நாணயங்களை எடுத்துவிடுங்கள்.

கோணம் சரியா என்று சந்தேகம் வந்தால், வாயோரத்தில் தெரியும் சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். சரிவின் மேல்புறம் மட்டும் மை போயிருந்தால் கத்தியை மிகவும் படுக்கவைத்திருக்கிறீர்கள். வாயின் நுனியில் மட்டும் போயிருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். முழுதும் போனால் அதே கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரே அடையாளம் பிசிறு. ஒரு பக்கத்தைப் போதுமான அளவு தேய்த்ததும் எதிர்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முனை மடிந்து எழும். முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு வந்தால், வாயின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் சொரசொரவென்று தட்டுப்படும். விரலை வாய் நெடுக ஓட்டாதீர்கள், குறுக்காக, வெளிநோக்கி மட்டும். பிடியிலிருந்து நுனி வரை எல்லா இடத்திலும் பிசிறு எழுந்த பிறகே அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். எழாத இடத்தில் கல் இன்னும் வாயைத் தொடவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வோர் இழுப்பாக மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறைக் கழற்றுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

இரண்டு சிறு சக்கரங்களுக்கு நடுவே கத்தியை இழுக்கும் கருவியைப் பற்றி: மலிவான கத்திக்குப் பாதகமில்லை. ஆனால் அது வாயைச் சீராகத் தேய்ப்பதில்லை, பிய்த்துக்கொண்டு போகிறது. கடினமான எஃகுக் கத்தியை அதில் இழுத்தால் நுண்ணிய பற்கள் உதிரும்.

கூர் வைத்தால் ஒரு வாரம்கூட நிற்பதில்லை

இங்கே எஃகைக் குறை சொல்வதற்கு முன் மூன்று சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பிசிறு முழுதும் கழறாமல் இருந்தால் கத்தி முதல் நாள் சவரக்கத்தி மாதிரி வெட்டும். அந்த மெல்லிய பிசிறே வாயாக நின்று வெட்டுவதால் வரும் கூர் அது. இரண்டாம் நாள் பிசிறு மடிந்து மொட்டையாகிவிடும். 'ஒரே நாளில் கூர் போயிற்று' என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

அடுத்து பலகை. கண்ணாடி, கல், எஃகு, பீங்கான் தட்டு ஆகியவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கத்தியும் நிற்காது. கத்தியைவிடக் கடினமான பரப்பில் ஒவ்வொரு வெட்டும் வாயை மடக்குகிறது அல்லது உடைக்கிறது. மரம், மென்மையான பிளாஸ்டிக், ரப்பர் மூன்றும் நல்லவை. மூங்கிலில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு, ஒட்டுவதற்குப் பசையும் நிறையச் சேர்கிறது. பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் வாயைக் கொஞ்சம் வேகமாகவே தேய்க்கும். அப்புறம் ஒரு பழக்கம்: நறுக்கியதைக் கத்தியின் வாயாலேயே பலகையைச் சுரண்டித் தள்ளுவது. அதற்குக் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். இந்த ஒன்றை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, மோட்டார் சாணைச் சக்கரம். சக்கரத்தில் பிடித்துக் கொடுத்த கத்தியின் வாயோரம் நீலமோ பழுப்போ படர்ந்திருக்கிறதா? எஃகு நீலமாக வேண்டுமென்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடேறியிருக்க வேண்டும். சமையல் கத்திகள் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சூட்டில் பதம் கெட்டுவிடும், அந்த இடம் மென்மையாகிவிடும், அங்கே கூர் தங்காது. கெட்டுப்போன பகுதியைக் கல்லில் மெதுவாகத் தேய்த்துத் தாண்டும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் சரி, எஃகு மென்மையானதுதான். எஃகின் கடினத்தை ராக்வெல் சி அளவில் சொல்வார்கள், கத்தி அட்டையில் ஹெச்ஆர்சி என்று போட்டிருக்கும். ஜெர்மன் பாணிக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58. ஜப்பானிய பாணிக் கத்திகள் 60ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும், விஜி-10 என்ற எஃகு 60, 61 வாக்கில் நிற்கும். எண் கூடினால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் உடையும் தன்மையும் கூடும். இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. கத்தியைக் கண்ட இடத்தில் போடுகிற, எலும்பிலும் உறைந்த பொருளிலும் தயங்காமல் பாய்ச்சுகிற கைகள் வீட்டில் இருந்தால் 56, 58 அளவில் வாங்கி மாதம் இரண்டு தடவை தீட்டிக்கொள்வது நிம்மதி. கத்தி உங்கள் கையில் மட்டுமே இருக்கும் என்றால் 60க்கு மேல் போகலாம். அப்படிப் போனால் பள்ளங்கள் ஓடும் எஃகுத் தீட்டுக்கம்பியை மறந்துவிடுங்கள், அது கடின வாயை உதிர்க்கும். வழவழப்பான செராமிக் கம்பியோ கல்லோதான் சரி.

அட்டையில் எண்ணே போடவில்லை, 'உயர்தர எஃகு' என்று மட்டும் இருக்கிறது என்றால் நான் அந்தக் கத்தியைத் திரும்ப வைத்துவிடுவேன். கடினத்தையோ எஃகின் பெயரையோ சொல்ல முடியாத தயாரிப்பாளர் வேறு எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை.

கூர் இருக்கிறது, ஆனால் கேரட் 'டக்'கென்று பிளக்கிறது

தாளை வழுவழுவென்று வெட்டும். தக்காளியும் வெட்டும். ஆனால் கேரட்டிலோ பூசணியிலோ வைத்தால் பாதி வரை இறங்கி நின்றுவிடும். மேலும் அழுத்தினால் 'டக்'கென்ற சத்தத்தோடு கடைசிப் பகுதி பிளந்துகொண்டு போகும். துண்டை எடுத்துப் பாருங்கள்: மேல்பாதி வழவழவென்று அறுபட்டிருக்கும், கீழ்ப்பாதி சொரசொரவென்று உடைந்திருக்கும். அந்த இரண்டும் சேரும் கோடு வரைக்கும்தான் கத்தி வெட்டியது, அதற்குப் பிறகு ஆப்பு அடித்திருக்கிறது.

கத்தி தேர்வில் அதிகம் பேசப்படாத விஷயமும் இதுதான், என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுதான். எல்லோரும் எஃகையும் கூரையும் பேசுகிறார்கள். ஆனால் கடினமான காய்க்குள் கத்தி இறங்குவதைத் தீர்மானிப்பது வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பது. கூர் என்பது வாயின் கடைசி நுனி மட்டும். அது உள்ளே நுழைந்த பிறகு பின்னால் வருகிற உடம்பு முழுவதும் காயை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு வர வேண்டுமே! தக்காளி வளைந்து கொடுக்கும், அதில் தெரியாது. கேரட் வளையாது.

கடையில் பார்ப்பது சுலபம். கத்தியை நுனிப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நேராகப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை சீராக ஒடுங்கிக்கொண்டே வருகிறதா, அல்லது வாய் அருகில் வரும்வரை தடியாகவே வந்து கடைசியில் மட்டும் சட்டென்று கூராக்கியிருக்கிறார்களா? அப்புறம் வாயிலிருந்து ஓர் அரை சென்டிமீட்டர் மேலே இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்து, மெதுவாக முதுகை நோக்கி நகர்த்துங்கள். மெல்லிய கத்தி அங்கே தாள் அட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும். கைவசம் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) இருந்தால், சரிவு தொடங்கும் இடத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பது நல்ல மெல்லிய கத்தி, அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் கேரட்டில் நிச்சயம் உணர்வீர்கள். முதுகுத் தடிமன் இதைச் சொல்லாது. முதுகு தடியாக இருந்தும் கீழே மெல்லியதாக ஒடுங்கும் நல்ல கத்திகள் உண்டு.

வாங்கும்போது நன்றாக வெட்டி, பல வருடம் கழித்து இப்படி ஆகியிருந்தால் காரணம் வேறு. ஒவ்வொரு சாணையிலும் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. மேலே போகப் போக அலகு தடி. ஆகவே பழைய கத்தி கூராக இருந்தாலும் தடியாகிவிடும். இதற்கு வாயைத் தொடாமல் வாய்க்கு மேலிருக்கும் பக்கங்களைச் சொரசொரப்பான கல்லில் மிகவும் படுக்கவைத்துத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். பொறுமையான வேலை, அலகில் கீறல் விழும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கைப்பழக்கம் ஆகிப்போன ஒரு கத்தியைக் காப்பாற்ற அதுதான் வழி. தடி முதுகும் தடி வாயுமாகவே பிறந்த மலிவுக் கத்தியோடு இந்த மல்லுக்கட்டு வேண்டாம்.

நறுக்கிய துண்டுகள் பிரியாமல் மாலையாகத் தொங்குகின்றன

வெங்காயத் தாளோ வெள்ளரியோ நறுக்கினால் துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டே வருகின்றனவா? கத்தியைப் பலகையில் வெட்டுவது போலவே நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, வாய்க்கும் பலகைக்கும் நடுவே பாருங்கள். ஓர் இடத்தில் வெளிச்சம் கசிந்தால் அங்கே வாய் குழிந்திருக்கிறது, பலகையைத் தொடுவதேயில்லை.

பெரும்பாலும் இந்தக் குழி பிடியை ஒட்டிய பகுதியில் இருக்கும். சில கத்திகளில் பிடியும் அலகும் சேரும் இடத்திலுள்ள தடித்த உலோகக் கழுத்து, வாய் வரை முழுதாக இறங்கியிருக்கும். அந்தத் தடிமனைக் கல் எளிதில் தேய்ப்பதில்லை. மற்ற இடம் தேய்ந்து மேலே போக, கழுத்து மட்டும் கீழே நின்று கத்தியைத் தாங்கிக்கொள்ளும். கழுத்தின் அந்த அடிப்பகுதியைத் தேய்த்து எடுத்தால்தான் சரியாகும். வாங்கும்போதே கழுத்து வாய் வரை இறங்காத கத்தியாகப் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது. பளுவான கழுத்து 'தரமான வார்ப்பு' போலக் கண்ணுக்குத் தெரியும், ஏமாறாதீர்கள்.

சமமான வேறொரு பரப்பில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் எங்கும் கசியவில்லையா? பலகையின் நடுவில் பள்ளமாகியிருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள்.

வாயில் பல் விழுந்திருக்கிறது

எலும்பு, உறைந்த இறைச்சி, பழக்கொட்டை, டின் மூடி. இந்த நான்கில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். இல்லையென்றால் பூசணியில் சிக்கிய கத்தியைப் பக்கவாட்டில் திருகி எடுத்திருப்பீர்கள். கடின எஃகு நேராக இறங்கும்போது தாங்கும், திருகினால் உதிரும். சிக்கினால் திருகாமல், வந்த வழியிலேயே நேராக மேலே இழுங்கள்.

அரை மில்லிமீட்டருக்குக் குறைவான பல் என்றால் வழக்கமான சாணையில் நாளடைவில் தானே மறைந்துவிடும், அதற்காகக் கத்தியைத் தேய்த்துத் தீர்க்க வேண்டாம். பெரிய பல் என்றால் 400 கல்லில் கொஞ்சம் பொழுது போகும். எந்தக் காரணமும் இல்லாமல் நுண்பற்கள் திரும்பத் திரும்ப உதிர்ந்தால் கோணம் அந்த எஃகுக்கு மிகக் குறைவு. கடைசி நாலைந்து இழுப்பில் முதுகை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகத் தூக்கித் தேய்த்துவிடுங்கள், வாய்க்கு பலம் வந்துவிடும்.

செராமிக் கத்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை சிர்கோனியம் ஆக்சைடு. துருவே பிடிக்காது, கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும், பல் விழுந்தால் வீட்டுக் கல்லில் சரிசெய்ய முடியாது, வைரக் கல் வேண்டும். பழம் நறுக்கும் இரண்டாவது கத்தியாக வைத்துக்கொள்ளலாம், முதல் கத்தியாக வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் என்று சொன்னார்கள், புள்ளி புள்ளியாகத் துரு

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவே பிடிக்காத உலோகம் இல்லை. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அது மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து இரும்பைக் காக்கிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். உப்பும் புளிப்பும் ஒட்டிய கத்தியை இரவு முழுக்கத் தொட்டியில் போட்டுவைத்தால் காலையில் புள்ளி தெரியும். பாத்திரம் கழுவும் மெஷின் இன்னும் மோசம்: சூடு, கடுமையான சோப்பு, மற்ற பாத்திரங்களோடு மோதல், மூன்றும் ஒரே இடத்தில்.

கூர் தங்குவதற்குக் கார்பன் வேண்டும், துரு தடுக்கக் குரோமியம் வேண்டும். கார்பன் கூடும்போது அது குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்களுக்கான எஃகைத் தேடும்போதுதான் இந்தக் குரோமிய எஃகை உருவாக்கினார். அதில் செய்த முதல் கத்திகளைப் பார்த்து 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கேலி செய்தார்கள். இப்போதைய ஜெர்மன் பாணிக் கத்தி எஃகில் சுமார் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் இருக்கும், வீட்டுக்கு அது நல்ல சமரசம்.

சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தக்கையால் தேய்த்தால் மேலோட்டமான துரு போய்விடும். குழி விழுந்திருந்தால் அது வாயோரத்தில் இல்லாதவரை கவலையில்லை.

கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கியவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்பல், நீலம், கருமை படர்ந்தால் நல்லது. அந்தப் படலமே துருவைத் தடுக்கும், தேய்த்து எடுக்காதீர்கள். ஆரஞ்சும் செம்பழுப்புமாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது துரு, உடனே எடுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே துடைக்கும் பழக்கம் வராது என்று தோன்றினால் கார்பன் ஸ்டீல் பக்கமே போக வேண்டாம்.

வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது

பூசணியைப் பாதியாக வெட்டினால் கத்தி கோணிக்கொண்டு போகிறதா? வாயோரச் சரிவை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் தேய்த்திருக்கிறீர்கள். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் வசமாகவும் மறுபக்கம் தடுமாற்றமாகவும் வருவது சகஜம். குறுகிய பக்கத்தைக் கூடுதலாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

ஒரு பக்கம் சரிவே இல்லாமல் தட்டையாக இருந்தால் அது ஒற்றைச் சரிவுக் கத்தி, வடிவமே அப்படித்தான். வலக்கைக் கத்தியில் சரிவு வலப்பக்கம் இருக்கும், வெட்டும்போது கத்தி இடப்பக்கம் இழுக்கும். மெல்லிய சீவலுக்கு அது வசதி, பெரிய காயைப் பிளக்க வசதியில்லை. இடக்கைக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு "எனக்கு வெட்டவே வரவில்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். ஒற்றைச் சரிவு வேண்டுமென்றால் இடக்கைக்கென்றே செய்ததைக் கேளுங்கள். இரட்டைச் சரிவுக் கத்தி எந்தக் கைக்கும் பொருந்தும், பிடி ஒரு பக்கம் புடைத்த வடிவில் இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

உருளைத் துண்டு அலகில் ஒட்டிக்கொள்கிறது; வெங்காயம் அதிகம் அழவைக்கிறது

முதலாவதற்கு முழுத் தீர்வு இல்லை. ஈரமான தட்டைப் பரப்பு தட்டை அலகில் ஒட்டத்தான் செய்யும். பக்கங்கள் லேசாகப் புடைத்த அலகில் குறைவாக ஒட்டும். வரிசையாகக் குழி வைத்த அலகு கொஞ்சம் உதவும், விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. கத்தியின் நுனிப்பகுதியால் இழுத்து நறுக்கினால் ஒட்டுவது குறையும்.

வெங்காயமோ கூரைப் பொறுத்தது. மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிச் சாற்றைத் தெறிக்கவிடுகிறது, கண்ணைக் கரிக்கும் பொருளும் அதிகமாக வெளியே வருகிறது. நறுக்கிய கீரையும் புதினாவும் ஓரத்தில் சீக்கிரம் கறுப்பதற்கும் இதே நசுங்கல்தான் காரணம்.

பிரெட்டை நசுக்குகிறது

கத்தியில் குறை இல்லை, வகைதான் தவறு. மேலே கடினமாகவும் உள்ளே மெத்தென்றும் இருப்பதற்கு ரம்பப் பல் வைத்த கத்தி வேண்டும். அதை வீட்டில் சாணை பிடிப்பது சிரமம், ஆகவே அதில் அதிகம் செலவழிக்காதீர்கள்.

கை வலிக்கிறது, விரல் காய்க்கிறது, முட்டி பலகையில் இடிக்கிறது

முட்டி இடித்தால் அலகின் அகலம் போதவில்லை. பிடியை ஒட்டிய இடத்தில் வாயிலிருந்து முதுகு வரை 45 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பெரும்பாலான கைகளுக்கு இடம் கிடைக்கும். பெரிய கை என்றால் 50.

ஆள்காட்டி விரலின் பக்கத்தில் காய்ப்பு விழுந்தால் முதுகின் ஓரங்கள் கூர்மையாக விடப்பட்டிருக்கின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் முதுகை உருட்டி மழுக்கிக் கொடுப்பார்கள். கத்தியின் வாயில் தடித்த அட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு, நைசான உப்புத்தாளால் முதுகின் இரண்டு ஓரத்தையும் பத்து நிமிடம் தேய்த்தால் தீர்ந்தது.

மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் பிடிக்கும் விதம் காரணம். பிடியை மட்டும் முழுக் கையால் இறுக்கிப் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரலும் பிடியைச் சுற்றட்டும். கத்தி திரும்பாமல் நிற்கும், இறுக்க வேண்டிய பலம் பாதியாகும். கடையில் கத்தியைத் தூக்கிப் பார்க்கும்போதும் இப்படியே பிடித்துப் பாருங்கள். அந்தப் பிடியில் நுனி கீழே இழுத்தால் உங்கள் கைக்கு அது கனம்.

பிடி ஆடுகிறது

மரப்பிடி தண்ணீரில் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கி, ரிவெட் தளர்ந்திருக்கும். இடுக்கில் போகும் ஈரமும் உணவுத் துகளும் உள்ளே துருவையும் நாற்றத்தையும் வளர்க்கும். பிடிக்குள் ஓடும் இரும்பு வால் கடைசி வரை வருகிற கத்தி என்றால் பிடியை மட்டும் மாற்றலாம். வெட்டும்போது ஆடும் கத்தியைத் துணி சுற்றி ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, புதிதுதான் வேண்டும்

சரி, வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று கத்தி போதும்: 20 சென்டிமீட்டர் செஃப் கத்தி, அல்லது அதன் இடத்தில் 16.5 முதல் 18 சென்டிமீட்டர் சன்டோகு (வாய் அதிகம் வளையாத ஜப்பானிய பாணிக் கத்தி). 8 முதல் 10 சென்டிமீட்டரில் ஒரு சின்னக் கத்தி. ஒரு ரம்பப் பல் கத்தி. கத்தியை முன்னும் பின்னும் ஆட்டி நறுக்கும் பழக்கமென்றால் வளைந்த வாயுள்ள செஃப் கத்தி. நேராக மேலும் கீழும் நறுக்குகிறவர்களுக்குச் சன்டோகு. மரத் தாங்கியில் செருகி விற்கும் பன்னிரண்டு கத்திச் செட்டில் ஒன்பது கத்தி தூசி படிந்து கிடக்கும், அதே பணத்துக்கு ஒரு நல்ல கத்தி வந்திருக்கும்.

அலகில் ஓடும் அலையலையான டமாஸ்கஸ் கோடுகள் வெட்டுவதில்லை. உள்ளே நடுவில் இருக்கும் எஃகுதான் வாயாக வெளியே வருகிறது, கோடுகள் அதன் மேல் போர்த்திய அடுக்குகள். மலிவில் கிடைப்பவற்றில் அந்த அடுக்குகூட இல்லாமல் மேலே பொறித்த கோலமாக இருக்கும். சுத்தியால் அடித்துச் செய்ததா, தகட்டில் வெட்டியெடுத்ததா என்பதும் பழைய சண்டை. பதமும் தடிமனும் சரியாக இருந்தால் இரண்டும் வெட்டும். ஊர்ப் பெயர்களில், ஜெர்மனியின் கத்தி நகரமான ஸோலிங்கன் என்ற முத்திரைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த நகரப் பகுதியில் செய்யாத கத்தியில் அதைப் போடக் கூடாது. 'ஜெர்மன் எஃகு', 'ஜப்பானிய எஃகு' என்பவை அப்படி இல்லை, எஃகு அங்கிருந்து வந்து கத்தி வேறெங்கோ செய்யப்பட்டிருக்கலாம்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கத்தியிலேயே போட்டுவிடாதீர்கள். 1000 எண் கல்லுக்கும், கையடக்கமில்லாத பெரிய மரப் பலகைக்கும், அலகில் மாட்டும் உறைக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கத்தியைத் தேடுங்கள்.